பேட்ஜ் கதவு

"கண்ணு, கதவைக் கொஞ்சம் புடிச்சுக்கோ. ஆன்ட்டிக்கு ரெண்டு கையும் நெறஞ்சிருக்கு."

கிளினிக்கில் வேலை பார்க்கும் பத்ரி பிடித்துக்கொண்டான். வேறென்ன செய்வான்? பெரியவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்த நம் வீடுகளில் யார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இது வசந்தாமணிக்கும் தெரியும். தட்டு நிறைய மைசூர்பாவோடு வந்ததே அதற்காகத்தான்.

அமெரிக்காவில், சான் ரமோனில், பிசினஸ் பார்க் ஒன்றில் இருந்த கிளினிக் அது. முன்னால் சின்ன லாபி. அதைத் தாண்டினால், பேட்ஜைக் காட்டினால் மட்டும் திறக்கும் கதவு. வந்து போகும் நோயாளிகளின் சங்கதி அத்தனையும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

வசந்தாமணிக்கு வேண்டியது ஒரே ஒரு சங்கதி. வான்மதிக்கு என்ன?

வான்மதி, மகன் செழியனுக்குப் பார்த்திருக்கும் பெண். ஜாதகம் பார்த்தாயிற்று. குலம் பார்த்தாயிற்று. கிரீன் கார்டும் பார்த்தாயிற்று. பாக்கி, பெண்ணின் ரத்தம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அதற்குள் கோயிலில் யாரோ காதில் போட்டுவிட்டார்கள். "அந்தப் பொண்ணு மாசாமாசம் அந்த கிளினிக்குக்குப் போறாளாமே, ஏனாம்?"

அந்த 'ஏனாம்' அவளை அரித்தெடுத்தது. தைராய்டா? வலிப்பா? வெளியே சொல்ல முடியாத வேறு ஏதாவதா?

தட்டை பத்ரியின் மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"கம்ப்யூட்டர்ல வான்மதி நஞ்சப்பன்னு அடிச்சுப் பாரு கண்ணு. நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒண்ணுமில்லைன்னா தலைய மட்டும் ஆட்டு, போதும்."

பத்ரி சிரித்தான். அப்புறம்தான் அவள் விளையாடவில்லை என்று புரிந்தது. சிரிப்பு நின்றது.

அதற்குள் ஆபீஸ் மேனேஜர் பர்வின் வந்துவிட்டாள். முதல் வேலையாக பத்ரியின் ஸ்கிரீனை லாக் பண்ணினாள்.

"ஆன்ட்டி, நீங்க இங்க வரக் கூடாது. லாபிக்குப் போயிடலாம், வாங்க."

"பலகாரம் குடுக்க வந்தவளைத் திருடி மாதிரி வெரட்டறயே அம்மிணி!"

"பலகாரத்தை லாபியிலயே குடுத்திருக்கலாமே ஆன்ட்டி."

கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டி வந்தாள். கதவு பின்னால் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. வசந்தாமணிக்குக் கொதித்தது.

"டாக்டர் எங்க வீட்டுக்காரருக்கு எத்தனை வருஷப் பழக்கம் தெரியுமா? ஒரு போன் போட்டா, நாளைக்கு நீ வேற வேலை தேடணும்."

"போடுங்க ஆன்ட்டி. பத்ரி உங்களை உள்ள விட்டதை நானும் அவர்கிட்ட சொல்லியாகணும்."

"அந்தப் பொண்ணுக்கு என்னமோ இருக்கு. அதான் மூடி மறைக்கறே."

"எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்ல."

"பார்க்காம இருப்பியா? எல்லாம் உன் கையில இருக்கு!"

"கையில இருக்கறதாலதான் பார்க்கறதில்ல ஆன்ட்டி."

திமிர், என்று வசந்தாமணி தீர்மானித்தாள். பிள்ளையைப் பெற்றவர்கள் நாலும் விசாரிப்பார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கை கட்டிப் பதில் சொல்வார்கள். காலங்காலமாய் நடப்பது இதுதான். பேட்ஜை மாட்டிக்கொண்டு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசிவிட்டால் உலகம் மாறிவிடுமா?

தட்டைத் திருப்பித் தர பத்ரி வெளியே வந்தான். அதே நேரம் வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது.

வந்தவரைப் பார்த்ததும் வசந்தாமணி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நஞ்சப்பன்! வான்மதியின் அப்பா!

அவர் இவளைக் கவனிக்கவில்லை. நேராக பத்ரியிடம் போனார்.

"தம்பி, தமிழ்தானுங்களே? சுகர்காரனுங்க நானு. வெளிய ரெஸ்ட்ரூம்ல ஆளிருக்கு. ஆத்திர அவசரம், கொஞ்சம் உள்ள விடுங்க சாமி."

பாவம், வயசானவர். பத்ரியின் கை தன்னையறியாமல் பேட்ஜைத் தேடிப் போனது.

நஞ்சப்பன் அவனை ஒட்டி நின்று குரலைத் தாழ்த்தினார். சின்ன லாபி, தாழ்த்தியும் கேட்டது.

"அப்படியே ஒரு ஒத்தாசைங்க தம்பி. செழியன் குமாரசாமின்னு ஒரு பையன். லேஆஃப்ல வேலை போன வருஷம் அவனுக்கு மனசுல என்னமோ ஆகி, இங்கதான் வைத்தியம் பார்த்தாங்களாம். நெசந்தானான்னு ஒரு பார்வை பார்த்துச் சொன்னீங்கன்னா..."

வசந்தாமணி சுவரை விட்டுத் திரும்பினாள்.

அந்த வருஷம். அறைக்குள் சுருண்டு கிடந்த செழியன். சாப்பாட்டோடு சாப்பாடாக அவள் தன் கையால் கொடுத்த மாத்திரைகள். ஊரில் இருக்கும் கூடப் பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. தேறி, வேலைக்குப் போய், பிள்ளை இப்போதுதான் மறுபடி சிரிக்கிறான்.

எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்.

பத்ரியின் பேட்ஜ் கதவை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. பர்வின் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி பாய்ந்தாள். கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்தவங்க வீட்டுச் சமாசாரத்தை எட்டிப் பாக்கறது பாவமில்லீங்களா, சம்பந்தி?"