அலுமினிய பானெட்

"யாரைக் கேட்டு இதை மாட்டினே?"

பட்டறை வாசலிலேயே பெரியவர் போட்ட சத்தத்தில் டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

பாறையில் மோதி மூக்கு நசுங்கிப் போயிருந்த ஜீப், புது மூஞ்சியோடு நின்றது. மட்கார்டு இரண்டும் இரும்புத் தகடு. பானெட் மட்டும் வெளுப்பாக மினுங்கியது. பெரியவர் இடது கை விரலால் சுண்டிப் பார்த்தார். காலி டப்பா மாதிரி சத்தம்.

"அலுமினியம்! கல்லும் கிளையும் அடிக்கிற காட்டுப் பாதையில ஓடற வண்டிப்பா இது. பழைய மாதிரியே இரும்புல போடுன்னுதானே சொல்லிட்டுப் போனேன்?"

"சொன்னீங்கண்ணே. மறுநாளே உங்க தம்பி வந்து மாத்தச் சொல்லிட்டாரு."

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியவருக்குச் சுர்ரென்று ஏறியது.

அப்பா விட்டுப்போன ஜீப் அது. தோட்டத்தைப் பிரித்தார்கள். வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். ஜீப்பைத்தான் பிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் அண்ணனுக்கு, ஒரு வாரம் தம்பிக்கு. பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. சாவி மட்டும் பொது ஜன்னல் கம்பியில் தொங்கும்.

"பாறையில கொண்டுபோய் முட்டினவன் அவன். தகடு எதுன்னு முடிவு பண்றவனும் அவனா? இது மட்டுமா? என் வாரத்துலகூட விடியறதுக்குள்ள வந்து பானெட்டைத் திறந்து நோண்டுறான். எதைக் கழட்டுறானோ!"

"கழட்டலண்ணே. ரேடியேட்டர் ஒழுகுதில்ல? தண்ணி ஊத்துறாரு."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

டிங்கர் கீழே கிடந்த சுத்தியலைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"கழட்டு இதை. இப்பவே."

"ஃபைபர்தான் ரொம்ப லேசா இருக்கும்னு நான் சொன்னேண்ணே. அவருதான் கேக்கல. 'எங்கண்ணன் பானெட் மேல ஏறி உக்காந்து டீ குடிக்கிற ஆளு, ஃபைபர் வெடிச்சிரும். அலுமினியத்துல போட்டு, அடியில தாங்கறதுக்குப் பட்டை குடு'ன்னாரு."

"நக்கலு! லேசா எதுக்கு வேணும்? பானெட்டைத் தூக்கக்கூட துரைக்கு உடம்பு வளையல!"

"அவரு எங்கண்ணே தூக்கப் போறாரு? அடுத்த வாரம் மக வீட்டோட போயிடறாராம். இனி வரதா இல்ல. வண்டி உங்களுக்கேன்னு சொல்லிட்டாரு."

நல்லதாப் போச்சு என்று சொல்லத்தான் பெரியவர் வாயைத் திறந்தார். இடது கை பானெட்டின் மேல் போய் நின்றது.

"போறவனுக்கு இதுல என்ன அக்கறை?" என்றார் கடைசியில். குரலில் பாதி வேகம் குறைந்திருந்தது.

டிங்கர் தலையைச் சொறிந்தார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு..."

"சொல்லுய்யா!"

"'அண்ணனுக்கு வலது தோள் எழும்பல. கொடியில துண்டைக்கூட இடது கையாலதான் வீசிப் போடறாரு, சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுத்தான் இருக்கேன். வாய் விட்டு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. இத்தனை நாள் அவரு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் தண்ணி ஊத்தி வச்சேன். இனிமே ஒத்தைக் கையால அவரேதானே தூக்கணும்'னாருண்ணே."