வானத்துத் தவளை

ஒரு குளத்தில் ஒரு தவளை இருந்தது. குளமே தன் பாட்டன் சொத்து என்று அதற்கு நினைப்பு. ஒருநாள் வானத்திலிருந்து கல்லொன்று கரையில் வந்து விழுந்தது.

"யாருய்யா நீ? வெளியூர்க்காரனுக்கெல்லாம் இங்கே இடமில்லை, கிளம்பு!" என்று தவளை கத்தியது.

கல் சிரித்தது. "கோபப்படாதீங்க அண்ணே. பூமியில முதல் உயிரே என்னை மாதிரி ஒரு கல்லுல ஒட்டிக்கிட்டு வந்ததுதான்னு மேலே ஒரு பேச்சு இருக்கு. நிஜமோ பொய்யோ, யார் கண்டது?"

தவளைக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் தானும் வானத்துப் பரம்பரை! அன்றிலிருந்து அது கல்லின் மேலேதான் உட்கார்ந்தது. "முதல் உயிரே வானத்துலேர்ந்து கல்லுல வந்ததுதான், எங்க பூர்வீகம் மேலே" என்று போகிற வருகிற தட்டான்பூச்சியிடமெல்லாம் பீற்றிக்கொண்டது. தோல் காய்ந்தால் மட்டும், யாரும் பார்க்காத நேரத்தில் குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தது.

ஒரு காலையில் குளிரில் நடுங்கிய ஆமை ஒன்று வெயில் காயக் கல்லின் மேல் ஏறியது.

"முதல் உயிர் வானத்துலேர்ந்து வந்ததுன்னா நானும் உங்க சொந்தம்தானே அண்ணே? கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

தவளை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"சொந்தம்தான் தம்பி, யாரு இல்லேன்னா? ஆனா நாங்க முதல் கல்லுல வந்தவங்க. நீங்க அதுக்கு அடுத்த கல்லு."