நூற்றைம்பதைத் தாண்டினால்

"உங்கப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது போடுறாராடா?"

ஆபீஸ் நண்பன் ஆசீர் இப்படிக் கேட்டதும் பிராங்க்ளினுக்குச் சுருக்கென்றது.

"என்னடா பேச்சு இது? வெள்ளிக்கிழமை கறியே தொடமாட்டாரு அவரு."

"அப்புறம் ஏன் சனிக்கிழமை காலையில மட்டும் பிரஷர் எகிறுது? இங்க பாரு. மத்த நாளெல்லாம் நூத்தி இருபது, நூத்தி இருபத்தஞ்சு. சனிக்கிழமை ஆனா நூத்தி அறுபது."

"கருவியில தப்பு இருக்கும்."

"நீ செஞ்ச கருவி. அதுல தப்பே வராதுன்னு நீதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறே."

பிராங்க்ளின் சொல்லத்தான் சொன்னான். துவாக்குடியில் அந்தச் சின்ன ஆபீஸில் அவனுடைய பெருமையே அதுதான். ஏஐ கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று அது எழுதும் நிபந்தனைக்குள் ஏடாகூடமாக எதுவும் நுழைந்துவிடலாம். பிராங்க்ளினின் கருவி அதற்குக் காவல். எண்கள், கூட்டல் கழித்தல், பெரியதா சிறியதா என்ற கேள்வி, இவ்வளவைத்தான் கணக்குப் பார்த்து விடை சொல்லும். வேறு எது வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

சோதித்துப் பார்க்க அப்பாதான் கிடைத்தார். சகாயநாதன், ஓய்வுபெற்ற வாத்தியார். அம்மா போன பிறகு மேலப்புதூர் வீட்டில் தனியாக இருக்கிறார். தினமும் காலையில் பிரஷர் பார்த்து வாட்ஸப்பில் சொல்வார். அளவோடு இருந்தால், "நல்லா இருக்குப்பா, மாத்திரை போட்டுக்குங்க" என்று பிராங்க்ளின் பெயரில் ஏஐயே பதில் அனுப்பிவிடும்.

"நூத்தம்பதைத் தாண்டினா என் போன் அடிக்கும்பா. உடனே நான் உங்களைக் கூப்பிடுவேன்" என்று ஆரம்பித்த அன்றைக்கே அவரிடம் விளக்கியிருந்தான்.

"தாண்டலேன்னா?"

"தாண்டலேன்னா கவலையே இல்லையேப்பா."

ஆசீர் கேட்டதற்கு மறுநாள் சனிக்கிழமை. லீவு நாளில் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தவனை போன் எழுப்பியது. நூற்று அறுபத்திரண்டு.

மற்ற சனிக்கிழமைகளில் உடனே அப்பாவைப் போனில் கூப்பிடுவான்; இன்றைக்குக் கூப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும். ஒரு பஸ் தூரம்தான் அந்த வீடு. கடைசியாகப் போனது ஈஸ்டருக்கா, கிறிஸ்துமஸுக்கா என்று அவனுக்கே நினைவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. அப்பா குளித்து, வெளுத்த சட்டை போட்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வா தம்பி. நேராவே வந்துட்டியா? இரு, காப்பி போடறேன்."

"காப்பி இருக்கட்டும். கையை நீட்டுங்க."

கிட்டே போய் மோந்து பார்த்தான். சோப்பு வாசனைதான் வந்தது. பட்டையைச் சுற்றி மெஷினை அமுக்கினான். நூற்று இருபத்து நான்கு.

"காலையில நூத்தி அறுபத்திரண்டுன்னு சொன்னீங்களே?"

பொய் சொன்ன பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்திய வாத்தியார், தலையைக் குனிந்துகொண்டு கைப்பட்டையை அவிழ்த்தார்.

"நூத்தம்பதைத் தாண்டினாத்தானே நீ பேசுவே."

கொண்டுவந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"தினமும் பதில் வருதேப்பா" என்றான், மெதுவாக.

"அது நீ இல்லைன்னு எனக்குத் தெரியாதா? காலையில ஆறு மணிக்கு நீ என்னைக்கு எந்திரிச்சிருக்கே?"

கருவியில் ஒரு தப்பும் இல்லை. அவர் சொன்னது வெறும் எண்தானே, உள்ளே விட்டுவிட்டது. அந்த மனுஷன் மகனின் குரலுக்காக எத்தனை ஏங்கியிருந்தால் இல்லாத நோயைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

"பேசணும்னா தினமுமே அப்படிச் சொல்லியிருக்கலாமேப்பா. ஏன் சனிக்கிழமை மட்டும்?"

சகாயநாதன் பட்டையைச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்தார்.

"மத்த நாள்ல உனக்கு ஆபீஸ் இருக்கே தம்பி. என்னால உன் வேலை கெடலாமா?"