அப்கிரேடு செய்ததிலிருந்து

டீ டம்ளருக்குள் ஒரு நீள முடி மிதந்தது. ஸ்டோர் கீப்பர் அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. டம்ளரைக் கம்ப்யூட்டர் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"சீ! இதைக் குடிக்கிறதா, இல்ல பின்னல் போட்டுக்கிறதா?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "கீழ ஊத்திடுங்க. வேற போட்டுத் தரேன்."

"அதுல என்ன மிதக்கப் போகுதோ!"

ஆலை மூடியதிலிருந்து வீட்டோடு இருக்கிறவர். போல்ட்டுக்கு ஒரு பெட்டி, நட்டுக்கு ஒரு பெட்டி என்று துடைத்துத் துடைத்து அடுக்கியே பழகிய மனுஷன். அவருக்கு இந்த வீடு இப்போது சகிக்கவில்லை. கழுவிய தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, சர்க்கரை டப்பாவில் எறும்பு ஊர்வலம். பெருக்கிய அறையிலும் காலில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தது.

அதைவிட அருவருப்பு இந்தக் கம்ப்யூட்டர். மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்து அனுப்புவாள். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாக்கச் சொல்லி அவள் கம்பெனியில் உத்தரவு போட்டார்கள். "கடைக்காரன் எதுக்கு? நானே பண்றேன்" என்று மார்தட்டி உட்கார்ந்தவர் இவர்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

முதலில் பிரிண்டரை யாரென்றே தெரியாது என்றது. அதைச் சரிசெய்தால் சத்தம் போனது, சத்தத்தை மீட்டால் இன்டர்நெட் படுத்தது. அங்கே இங்கே தேடிப் படித்து அதையெல்லாம் ஒருவழியாகச் சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாதது திரை ஒன்றுதான். கரியைப் பூசியது போல் முழுக்கக் கறுப்பு, அதில் பித்த வாந்தி நிறத்தில் மஞ்சள் எழுத்து. அம்புக்குறி வேறு கட்டைவிரல் தடிமனுக்கு வீங்கிக் கிடந்தது. ஹெட்போனைக் கழற்றினால், தொட்டதையெல்லாம் ஒரு பெண்குரல் ஒப்பித்தது.

ராத்திரி எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டுத்தான் படுப்பார். மறுநாள் அவள் வேலை முடித்து எழுந்த பிறகு பார்த்தால் அதே கறுப்பு, அதே மஞ்சள், அதே முணுமுணுப்பு. காறித் துப்பலாம் போல வரும்.

இதற்கிடையில் அவள் அனுப்பிய ஃபைல்கள் தப்பும் தவறுமாக இருப்பதாகத் திரும்பி வந்தன. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை கிடையாது என்று இன்று காலை மெயில் வந்துவிட்டது. இந்தத் தரித்திரம் பிடித்த திரைதான் காரணம் என்று அவர் முடிவு கட்டி, வீம்பை விட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

வந்தவனைத் தெருவே 'ரீஸ்டார்ட்' என்றுதான் கூப்பிடும். எந்தக் கோளாறுக்கும் அவன் வாயில் முதலில் வருவது அதுதான்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"பண்ணிப் பண்ணி பட்டனே தேஞ்சுபோச்சு. நீ உக்காருப்பா முதல்ல."

மனைவி எழுந்ததும் அவர் உட்கார்ந்து நோண்டுகிற நாற்காலி அது. அவன் உட்கார்ந்துகொண்டு கண்ணைச் சுருக்கினான். "வெயில் அடிக்குது சார். ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்களேன்."

அவர் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு அங்கேயே நின்றார். ரீஸ்டார்ட் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். பிஸ்கட் தூள், செத்த எறும்பு, என்னவென்றே தெரியாத ஒரு பசைக் கட்டி.

"என்ன சார், ஒரு குடும்பமே இதுல சாப்பிட்டிருக்கும் போலிருக்கே?"

"எல்லாம் அந்த மகாராணி கைவரிசை. கண்ணை எங்க வெச்சுக்கிட்டு வேலை செய்யறாளோ!" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரீஸ்டார்ட் எதை எதையோ திறந்தான், மூடினான். அணைத்துப் போட்டுப் பார்த்தான். கடைசியில் தலையைச் சொறிந்தான்.

"சார், கோளாறே இல்ல."

"என்னப்பா உளர்றே?"

"உங்க அப்கிரேடு நல்லாத்தான் இருக்கு. இந்தக் கறுப்பு, இந்தக் குரல் எல்லாம் தானா வராது. தினமும் யாரோ கையால போடறாங்க."

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஸ்டோர் கீப்பருக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டை நாறடித்தது போதாதென்று, சோறு போடுகிற கம்ப்யூட்டரையும் வேண்டுமென்றே கெடுக்கிறாளா? இவளோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதே அசிங்கம் என்று தோன்றியது. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அதற்குள் புது டீயோடு மனைவி உள்ளே வந்துவிட்டாள். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. நேராக நாற்காலிக்கு வந்து, டீயை மேஜையில் வைத்தாள்.

"தம்பி முன்னாடி கத்தாதீங்க. நான்தான் போட்டேன். சொன்னா வேலைய விடச் சொல்லிடுவீங்க. இதுவும் போச்சுன்னா நாம என்னங்க பண்ணுவோம்?"

நாற்காலியில் இருந்தவனின் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ரீஸ்டார்ட் பதறிப்போய் ஜன்னலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா... சார் ஜன்னல்கிட்ட நிக்கிறாரு."