காதில் விழுந்த சந்தேகம்

மாணவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் விழுங்கும் சந்தேகங்களை ஆசிரியரின் காதில் சொல்லும் கருவியை மத்திய அரசு எல்லாக் கல்லூரிகளுக்கும் கொடுத்திருந்தது. தூத்துக்குடியில் இயற்பியல் நடத்தும் எஸ்தர் செல்வகனி அன்றுதான் அதை மாட்டிக்கொண்டார்.

"நம் எடை அழுத்துவதால் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது" என்றார். வகுப்பே தலையாட்டியது.

காதில் ஒரு பெண்குரல் கேட்டது. "வாப்பா ஐஸ் கம்பெனியிலதான் வேல பாக்காங்க. நம்ம எடைக்கு ஐஸு எங்க உருகுது?"

எஸ்தர் பலகையில் கணக்குப் போட்டார். உருகாதுதான். இருபது வருடமாகத் தப்பாக நடத்தியிருக்கிறார்.

"நம்ம எடைக்கு ஐஸ் எங்க உருகுதுன்னு நெனச்சது யாரு பிள்ள?"

கடைசி பெஞ்சில் ரஹ்மத் நிஷா தயங்கி எழுந்தாள். "தப்பா மேடம்?"

"நான் நடத்துனதுதான் தப்பு. வா, சாக்பீஸப் பிடி. பிறகு ஏன் வழுக்குதுன்னு எல்லாரும் சேந்து பாப்போம்."

மணி அடித்ததையும் அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நின்றதையும் யாரும் கவனிக்கவில்லை.