பதினெட்டு பிகோ செகண்ட்

"சிப் தொழிற்சாலையிலேர்ந்து வந்துடுச்சு. சோதிச்சா தப்புத் தப்பா கணக்குப் போடுது. என்ன செய்வீங்க, பாஷ்முஹந்திஸ்?"

ஷாஹிநாஸ் கேள்வியை மேஜையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். பொறியாளர்களை அழைக்கும் அந்த மரியாதைச் சொல்லை அவள் விடவில்லை. எதிரே இருந்த வஸ்ஃபியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை. கெய்ரோவின் அந்த சிப் வடிவமைப்பு நிறுவனத்துக்கு அன்று நேர்காணலுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். ஐம்பத்திரண்டு வயது. கோட்டு பழையது, ஆனால் மடிப்புக் கலையவில்லை.

"முதல்ல கடிகாரத் துடிப்பைக் குறைச்சுப் பார்ப்பேன்," என்றார். "சிப்புக்குள்ள இருக்கிற ஃபிளிப்-ஃபிளாப் ஒவ்வொரு துடிப்புக்கும் கதவைத் திறந்து தகவலை உள்ள வாங்குது. தகவல் லேட்டா வந்தா, துடிப்பை மெதுவாக்கினாப் போதும், வந்து சேர்ந்துடும். வேகம் கம்மியான சிப்புன்னு வித்துடலாம்."

"மெதுவாக்கியும் சரியாகலேன்னா?"

"அப்போ தகவல் லேட்டா வரல. கதவை மூடுறதுக்குள்ள அடுத்தது முந்திக்கிட்டு வந்து பழசை அழிக்குது. சிப் செஞ்சு முடிச்சப்புறம் அதுக்கு மருந்து கிடையாது. மொத்தமும் குப்பை."

"அப்படி ஒண்ணு உங்க கையால நடந்திருக்கே?"

பக்கத்தில் இருந்த பணியாளர் பிரிவு ரிஃபாத் நெளிந்தார். "அது பழைய கதை, ஷாஹிநாஸ். டீ ஆறுது உஸ்தாத், குடிங்க."

"கேட்டுத்தானே ஆகணும்?" என்றாள் அவள்.

வஸ்ஃபி புதினா டீக் கிளாஸைத் தொடவில்லை. "நடந்தது. ஆறு வருஷம் ஆச்சு. சோதனை அறிக்கை சுத்தமா இருந்துது. தொழிற்சாலைக்கு அனுப்ப முந்தின நாள், மின்சாரம் மிச்சமாகும்னு ஒரு பாதையில தகவல் முந்திக்காம இருக்கத் தாமதத்துக்காக வெச்சிருந்த ரெண்டு பஃபரை எடுத்துட்டாங்க. தாமதம் பதினெட்டு பிகோ செகண்ட் குறைஞ்சுது, கண் சிமிட்டுற நேரத்துல கோடியில ஒரு பங்கு கூட இல்ல. மறுபடி சோதிக்காம நான் கையெழுத்துப் போட்டேன்."

"எடுத்துட்டாங்கன்னா... யாரு?"

"அலெக்சாண்ட்ரியா கிளையிலேர்ந்து வந்த மாற்றம். அங்க எத்தனையோ பேர். கையெழுத்து என்னோடது. அதுக்கு மேல பேச என்ன இருக்கு?"

"அப்புறம்?"

"கம்பெனியை மூடிட்டாங்க. முப்பத்தெட்டு பேர் வீட்டுக்குப் போனாங்க. என்னை எவனும் கூப்பிடல. ஷுப்ராவில லிஃப்ட் போர்டு ரிப்பேர் பண்றேன்."

சொன்னவர் தலை குனியவில்லை. கேட்டவள்தான் குனிந்தாள். தகப்பன் வயதுக்காரரை உட்காரவைத்து இப்படிக் குடைகிறோமே என்று காது மடல்கள் சுட்டன. ஆனாலும் கேள்விகளை அவள் நிறுத்தவில்லை. சின்னச் சின்னதாய் இன்னும் ஏழெட்டு கேட்டாள். ஒன்றிலாவது தடுக்கி விழுவார் என்று பார்த்தாள். அவர் விழவில்லை.

அவரை வரவேற்பறையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு ரிஃபாத் கதவைச் சாத்தினார்.

"இவரே போதும். மூணு மாசத்துல நம்ம சிப் தொழிற்சாலைக்குப் போகணும், ஆள் இல்லாம தவிக்கிறோம். பழியை யார் தலையிலயாவது போட்டாரா பாருங்க. இப்படி ஒரு மனுஷன் எங்க கிடைப்பான்?"

"சோதிக்காம கையெழுத்துப் போட்டவரை எப்படி நம்பறது?"

"ஒரே ஒரு தடவை."

"ஒரு தடவைதானே சிப் செத்துது."

விண்ணப்பத்தின் அடியில் 'தகுதியில்லை' என்று எழுதினாள். அழுத்தியதில் பேனா முனை தாளைக் கிழித்தது. வடிவமைப்புப் பிரிவில் அவள் சொல்தான் முடிவு.

ரிஃபாத் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்போ நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

வரவேற்பறையில் அவளைக் கண்டதும் வஸ்ஃபி எழுந்து நின்றார். அவள் அவருடைய கோட்டுப் பித்தானைப் பார்த்துப் பேசினாள்.

"மன்னிக்கணும், பாஷ்முஹந்திஸ். இந்த வேலைக்கு..."

"பரவாயில்ல. அறைக் கதவுல உங்க பேரைப் பார்த்ததுமே நான் திரும்பிப் போயிருக்கணும். வேலை ஆசை, உள்ள வந்துட்டேன்."

வாசல் வரை போனவர் நின்றார். வரவேற்பாளர் காதில் விழாதபடி அருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பயப்படாதேம்மா. அந்த ரெண்டு பஃபரை எடுத்த குறிப்புல இருந்த உன் பேரை, விசாரணைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடியே நான் அழிச்சுட்டேன்."