ஹாஜியார் கழற்றிய ஷூ

“லோடு ஏத்திடவா மச்சான்?” என்று மைத்துனன் காதைக் கடித்தபோது, மேடையில் நேர்மையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“கூட்டம் முடியட்டும் மாப்ளே,” என்றார் ஃப்ரிட்ஜ் பாய்.

பழைய ஃப்ரிட்ஜ்களை வாங்கிச் சரிசெய்து விற்பது அவர் தொழில். அன்று காலை ஒன்றை ஒரு டீச்சரம்மாவுக்கு விற்றிருந்தார். வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் பாக்கி. அதன் உடம்புக்குள் எங்கோ கேஸ் கசிந்துகொண்டிருந்தது. பிரித்துப் பார்க்க முடியாத இடம். கேஸ் நிரப்பினால் சில வாரம் ஜோராகக் குளிரும். அப்புறம் துணி அடுக்கி வைக்கத்தான் லாயக்கு.

டீச்சரம்மா அதை வாங்கியதே மாமியாரின் இன்சுலினை வைக்கத்தான்.

“கசிவு கிசிவு ஒண்ணும் இல்லையே பாய்?” என்று அவர் கேட்டதற்கு, “நம்ம கடைக்கு வந்துட்டு இப்படிக் கேக்கலாமாம்மா?” என்று சிரித்து மழுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பு காலையிலிருந்து தொண்டையை விட்டு இறங்கவில்லை.

மேடையில் செருப்புக்கடை ஹாஜியார். திரும்பிய பக்கமெல்லாம் கிளை வைத்திருப்பவர். கீழே உட்கார்ந்திருந்த வியாபாரிகள் சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பொருள்ல குறை இருந்தா நாமளே வாயைத் திறந்து சொல்லிடணும். மறைச்சு வித்தா அந்தக் காசுல பரக்கத் இருக்காது, குடும்பம் விளங்காது. பிள்ளைங்களுக்கு ஹராமைத்தான் ஊட்டுறோம்.”

பாய் நாற்காலியில் நெளிந்தார்.

நடுவரிசையில் ஓர் ஆள் எழுந்தான். கையில் ஒரு ஷூ.

“நல்லாப் பேசுறீங்க ஹாஜியாரே. தோல்னு சொல்லி உங்க கடையில ரெக்ஸினை என் தலையில கட்டிட்டாங்க. இதுக்கு என்ன பதில்?”

கூட்டம் சலசலத்தது. எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தது ஃப்ரிட்ஜ் பாய்தான். காலையிலிருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்த எரிச்சலுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

“கடையில கேக்க வேண்டியதைச் சபையில வந்தா கேக்குறே? மரியாதையா வெளியே நட.”

“அவரை விடுங்க பாய்.”

ஹாஜியார் மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஷூவை வாங்கி மடக்கிப் பார்த்தார்.

“ரெக்ஸின்தான். என் கடையில தப்பு நடந்திருக்கு. மறுமையில இதுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

குனிந்து தன் ஷூவைக் கழற்றினார். தன் கையாலேயே அந்த ஆளின் காலில் மாட்டிவிட்டார். வெறுங்காலோடு மேடையேறி மீதிப் பேச்சைப் பேசினார். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காலரைப் பிடித்த தன் கையைப் பார்க்கவே பாய்க்குப் பிடிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் போனை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்தார். மைத்துனன் பின்னாலேயே ஓடிவந்தான்.

“யாருக்கு போன் பண்றீங்க?”

“டீச்சரம்மாவுக்கு. உண்மையைச் சொல்லப்போறேன்.”

“கிறுக்குப் பிடிச்சிருக்கா மச்சான்? ஒரு டீச்சருக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடம் பூரா தெரியும். அப்புறம் நம்ம கடைப் படியை எவன் மிதிப்பான்?”

“மிதிக்காட்டிப் போறான்.”

சத்தமில்லாத இடம் தேடி, வண்டிகள் நிறுத்தும் பக்கம் வந்தார்கள். அங்கே ஒரு காரின் கதவு திறந்திருந்தது. உள்ளே சற்றுமுன் மேடையில் முழங்கிய ஹாஜியார். பக்கத்தில் சபையில் எழுந்து சண்டை போட்ட அதே ஆள், குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“கீறல் விழாமக் கழட்டுடா. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கும் இதுதான்,” என்றார் ஹாஜியார். “ஆமா, உன் காலரைப் பிடிச்சானே ஒருத்தன், நீ ஏற்பாடு பண்ணின ஆளா?”

“இல்ல முதலாளி. அவனாத்தான் வந்தான்.”

“அடடா, என்ன கோபம். அதுக்கப்புறம்தான் கூட்டமே உருகிச்சு. போற இடத்துல எல்லாம் இப்படி ஒரு ஆள் வாய்ச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.”

பாய்க்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. பாய்ந்துபோய்க் கார்க் கதவைப் பிடித்தார்.

“இறங்குங்க ஹாஜியாரே. உள்ளே வந்து இதையும் மைக்ல சொல்லுங்க.”

ஹாஜியார் அசரவில்லை. “ஏன் பாய் பதறுறீங்க? நான் பேசினதுல ஒரு வார்த்தை தப்பா இருந்துச்சா? நாலு பேர் திருந்தினா நமக்கு நன்மைதானே.”

“மறுமையை வச்சு நாடகம் போட்டுட்டு, நன்மை வேற கேக்குதா உங்களுக்கு? வெக்கமா இல்ல?”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பாய் அதன் பின்னால் நாலடி ஓடி நின்றார்.

மைத்துனனுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பாத்தீங்களா? மேடையில பேசுற பெரிய மனுஷனே இந்த லட்சணம். நீங்க என்னமோ ஊர் உலகத்துல நடக்காததைச் செஞ்ச மாதிரி உருகுறீங்க. போனை உள்ளே வைங்க மச்சான்.”

பாய் போனைப் பைக்குள் போட்டார்.

மைத்துனன் பெருமூச்சு விட்டான். தன் போனில் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, “ஆமாண்ணே, அந்த டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ்தான். ஏத்திடுங்க,” என்றான்.

இரண்டடி நடந்த பாய் நின்றார். திரும்பி வந்து மைத்துனனின் போனைப் பிடுங்கி, “ஏத்தாதேப்பா,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“ஏண்டா, அந்த ஹாஜியார் நாடகம் போட்டான்னா நம்ம ஃப்ரிட்ஜ்ல கேஸ் கசியறது நின்னுடுமா?”



பாய் தன் போனை எடுத்தார். எதிர்முனையில் டீச்சரம்மா, “சொல்லுங்க பாய், வண்டி கிளம்பிடுச்சா?” என்றார்.

“இல்லம்மா. அந்த ஃப்ரிட்ஜ் உங்களுக்கு வேணாம். மருந்து வைக்க அது தாங்காது.” பாய் மைத்துனனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். “தெரிஞ்சேதான் உங்களுக்கு வித்தேன்.”